கடலைக்கு உண்டு, கணவனுக்கு இல்லை

கோவில்பட்டியில் இதுவரை நடந்த வெளிநாட்டுச் சம்பந்தங்களில் ஓஹோவென்று விளங்கியது கடலை மிட்டாய்தான். பெண்ணுக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறையில் இறங்கினாளோ, குடியேற்ற அதிகாரி எவனும் மறித்ததாகக் கதை இல்லை. மாப்பிள்ளை உள்ளூர்ச் சரக்கு. முதலில் கருப்பட்டியோடு வாழ்ந்தாள். பிற்பாடு வெல்லத்தோடு வாழ்கிறாள். மாப்பிள்ளை மாறியதற்குக்கூட ஊர் ஒரு வார்த்தை பேசவில்லை. 2020-ல் அரசாங்கமே புவிசார் குறியீடு கொடுத்து, இவள் கோவில்பட்டிக்காரி, வேறு ஊர்க்காரி எவளும் இந்தப் பேரைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று முத்திரை குத்திவிட்டது.

கடலை மட்டுமா? மிளகாயும் கடல் தாண்டி வந்தவள். மக்காச்சோளம் வந்த வேகத்தில் கம்பையும் சோளத்தையும் பாதிப் புஞ்சையை விட்டு வெளியே தள்ளிவிட்டாள். சீமைக் கருவேலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேரிலேயே சீமையை வைத்துக்கொண்டு கண்மாய், ஓடை, புறம்போக்கு என்று பட்டா இல்லாமல் குடியேறியது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேரோடு பிடுங்கச் சொல்லியும், இன்றைக்கும் கண்மாய்க்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எந்தத் தாசில்தாரும் அதனிடம் போய், 'உன் விசா எங்கே?' என்று கேட்கவில்லை.

ஆக, அயலாரை ஏற்றுக்கொள்வதில் கரிசலுக்கு மனத்தடை கிடையாது. ஐப்பசி மழை பெய்துவிட்டால் இந்த மண், மிதித்தவன் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும். காலை உதறுவது சட்டம்தான். அதுவும் எல்லார் காலையும் உதறாது. எந்தக் கால் எதிலிருந்து இறங்கியது என்று பார்த்துத்தான் உதறும்.

இறங்குகிற கால் இரண்டு வகை. விமானத்தில் இருந்து இறங்கினால் அது வரன். படகில் இருந்து இறங்கினால் அது வழக்கு.

முதல் வகையைப் பார்ப்போம். அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஒருவர் வருகிறார். கோவில்பட்டிப் பெண்ணைப் பிடித்துப் போகிறது. வெள்ளைக்காரராக இருந்தால் ஊரே செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்கும். பட்டு வேட்டி கட்டிவிட நாலு பேர் போட்டி போடுவார்கள். அரசாங்கமும் குறை வைப்பதில்லை. 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் பங்காளி எவனாவது ஆட்சேபம் எழுதிப் போடாமல் இருக்க வேண்டும். கலியாணம் பதிவாகிவிட்டால் சுற்றுலா விசாவில் வந்தவர்கூட இங்கிருந்தபடியே இந்தியரின் துணைவருக்கு உரிய விசாவுக்கு மாறிக்கொள்ளலாம். 2018-ல் இருந்து எல்லாம் இணையத்தில். பதிவான கலியாணம் இரண்டு வருஷம் நிலைத்தால் 15,000 ரூபாய் கட்டி, ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் விசா தொல்லை இல்லை.

முப்பது நாளுக்கு மேல் இங்கே தங்க முடியாதவருக்கும் வழி பிறந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்ணுக்கும் இந்திய வம்சாவளி அமெரிக்கர் ஒருவருக்கும் கலியாணம். நோட்டீஸ் கெடு முடிந்தும் மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் காரியம் நடக்கவில்லை. மாப்பிள்ளை விடுப்பு முடிந்து விமானம் ஏறிவிட்டார். 2022 ஜூலையில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், வீடியோ அழைப்பிலேயே கலியாணத்தை நடத்துங்கள், மாப்பிள்ளைக்கும் சேர்த்துப் பெண்ணே கையெழுத்துப் போடலாம் என்று தீர்ப்பளித்தார். சரியான தீர்ப்பு. இரண்டு பேர் சேர்ந்து வாழ ஆசைப்பட்டால் அதற்குக் குறுக்கே நிற்பது சட்டத்தின் வேலை இல்லை. அந்தத் தம்பதி நல்லா இருக்கட்டும். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் இரண்டாவது மாப்பிள்ளைக்காக. அவரும் வெளிநாட்டுக்காரர்தான். அவரைப் பார்க்க விமான நிலையம் போக வேண்டாம். கோவில்பட்டியில் பஸ் ஏறி எட்டயபுரம் பக்கம் போனால் தாப்பாத்தி இலங்கைத் தமிழர் முகாம். உள்ளே கூட நுழைய வேண்டாம். காலையில் கோவில்பட்டிப் பக்கமே வருவார்கள். புது வீட்டுக்குச் சாரம் கட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிற ஆளை நிறுத்திப் பேசிப் பாருங்கள். பேச்சில் கொஞ்சம் கடல் வாடை அடித்தால் அவர்தான். அமெரிக்க மாப்பிள்ளை வரப்போகிற வீட்டுக்குச் சுவரை வெளுத்துக் கொடுக்கிறவர் பெரும்பாலும் இந்த மாப்பிள்ளைதான். ஒருவர் விசாவோடு வந்து குடியேற, இன்னொருவர் விசா இல்லாமல் வெள்ளை அடிக்கிறார்.

இவரைக் கட்டிய பெண் உள்ளூர்க்காரி. பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்து இந்த மண். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஒரு வீட்டுக் கதையை அப்படியே சொல்லவில்லை. பல வீடுகளில் இருந்து எடுத்து ஒரு வீடாகக் கட்டிச் சொல்கிறேன். பேர் எதற்கு? பேரைச் சொன்னால்தான் ஊர்ஜிதம் என்று நினைக்கிற அலுவலகங்களில் பேர் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்கு வாய் வலித்துப் போயிருக்கிறது.

ஒரு ஜன்னல். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடி.

"வீட்டுக்காரர் எந்த நாடும்மா?"

"சிலோன் சார்."

"பாஸ்போர்ட்?"

"இல்ல சார். தொண்ணூறுல படகுல வந்தாக. அப்ப அவுகளுக்கு எட்டு வயசு."

"விசா இல்லாம எப்படி வந்தாரு?"

"மேல குண்டு விழுகையில கீழ விசா யாரு சார் குடுப்பா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அங்க போயி, அந்த நாட்டு பாஸ்போர்ட் எடுத்து, நம்ம விசா வாங்கிட்டு முறையா வரச் சொல்லு."

"எத்தன நாளு ஆகும் சார்?"

"அது அவங்க நாட்டு விஷயம்."

"போனா திரும்பி வர விசா உறுதியா கெடைக்குமா?"

"அது டெல்லி விஷயம்."

"அப்ப உங்க விஷயம்னு என்னதான் சார் இருக்கு?"

மூக்குக்கண்ணாடி யோசித்தது. "சீல்" என்றது.

அந்த மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. சீல் அவர் கையில் இருக்கிறது. மை டெல்லியில் இருக்கிறது. மையைக் காய வைத்தது யார் என்று பார்த்துவிடலாம்.

1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தில் கணவன் மனைவிக்கு என்றே ஒரு வாசல் உண்டு. இந்தியரைக் கலியாணம் செய்து, ஏழு வருஷம் இங்கே குடியிருந்தால், குடிமகனாகப் பதிவு செய்யக் கேட்கலாம். நம் பெயின்டர் முப்பத்தைந்து வருஷமாகக் குடியிருக்கிறார். ஏழை ஐந்தால் பெருக்கி வைத்திருக்கிறார். ஆனால் 2003-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து வாசல்படியில் ஒரு வாக்கியத்தைச் செதுக்கினார்கள்: சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவன் எவனோ அவன் சட்டவிரோதக் குடியேறி. எட்டு வயதில் அம்மா இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படகில் வந்ததும் சட்டவிரோதம்தான். இரண்டு வருஷக் கலியாணத்துக்கு ஓசிஐ என்கிற அந்தச் சலுகையும் அயல்நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற துணைக்குத்தான். பாஸ்போர்ட் இல்லாதவருக்கு விசா இல்லை. விசா இல்லாததால் அவர் சட்டவிரோதி. சட்டவிரோதி ஆனதால் விசா இல்லை. செக்கு மாடுகூட ஒரு சுற்று முடிந்தால் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக் கொடுக்கும்.

அதோடு விட்டார்களா? 2004 டிசம்பர் 3-ம் தேதி முதல் இந்தியாவில் பிறக்கிற குழந்தை பிறப்பால் குடிமகன் ஆக, அப்பா அம்மா இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்தால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. இவர்கள் மகள் 2008-ல் பிறந்தாள். அம்மா இந்தியக் குடிமகள். பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில். தடுப்பூசி அரசாங்கத்துடையது. படிப்பு அரசுப் பள்ளியில். பிறப்பால் மட்டும் அவள் இந்தியர் இல்லை.

இந்த இடத்தில் நம் தலைவர்களைக் கூப்பிட்டாக வேண்டும். முகாம் மக்களைப் பற்றிப் பேச மேடை ஏறினால், எந்தக் கட்சியாக இருந்தாலும், தொண்டை கரகரக்க அவர்கள் வாயில் வருகிற முதல் சொல் 'தொப்புள்கொடி உறவு'. கேட்கிறவனுக்குக் கண்ணீர் வரும். ஐயா தலைவர்களே, நிஜமான தொப்புள்கொடி ஒன்று 2008-ல் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் வெட்டப்பட்டது. கொடியின் ஒரு முனை இந்தியக் குடிமகளின் வயிற்றில் இருந்தது. மறுமுனையில் இருந்த பிள்ளைக்கு இதுவரை நாடு இல்லை. மைக்கில் பேசுகிற கொடிக்கு இருக்கிற மதிப்பு மருத்துவச்சி வெட்டிய கொடிக்கு ஏன் இல்லை?

மாநில அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2021-ல் 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. இடிந்த வீடுகளுக்குப் பதில் புது வீடு, குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகை 1,000-ல் இருந்து 1,500 என்று உயர்த்தியது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வீடு நல்ல காரியம், மழைக்கு ஒழுகாது. பேர் மாற்றியதும் நல்ல காரியம்தான். போர்டு எழுதுகிற வேலை முகாம் பெயின்டருக்கே கிடைத்திருந்தால் இன்னும் நல்லது. ஆள் சரிபார்க்கிற நாளில் வரிசையில் நிற்பவரின் கால் வலியும் அந்தப் பேரோடு சேர்ந்து மாறியதா என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லலாம்.

டெல்லிக்கு வருவோம். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திரும்பவும் திருத்தினார்கள். துன்பப்பட்டு ஓடி வந்தவர்களுக்குக் கருணை காட்டுகிறோம் என்றார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு வாசல் திறந்தது. முஸ்லிம்களுக்கு இல்லை. இலங்கையில் இருந்து வந்தவருக்கு எந்த மதமானாலும் இல்லை. முகாமில் மாரியம்மன் கோவிலும் உண்டு, மாதா கோவிலும் உண்டு. ஆனால் டெல்லியின் கருணைக்கு வாஸ்து பார்ப்பார்கள் போல. தெற்குப் பார்த்த வாசல் ஆகாது.

இன்னொரு விசேஷம். இந்தியரைக் கலியாணம் செய்து இங்கேயே வாழ்கிற பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களுக்கு நீண்டகால விசா என்று ஒரு ஏற்பாடு நம் உள்துறையில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும், புருஷன் வீட்டில் இருக்கிற பெண்ணை எல்லைக்குத் துரத்துவது மனுஷத்தனம் இல்லை. நம்மோடு போர் நடத்திய நாட்டு மருமகளுக்குக் காகிதம் உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், தனுஷ்கோடியில் இருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிற நாட்டு மருமகனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. பகையாளி நாட்டுக்கு விசா, பாச நாட்டுக்கு வீரவணக்கம்.

2025 செப்டம்பரில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல், பாஸ்போர்ட் விசா இல்லாத குற்றத்துக்காக நடவடிக்கை இல்லை என்று புது ஆணை. முகாமில் மிட்டாய் கொடுத்தவர்கள்கூட இருக்கலாம். குடியுரிமைக்கு அதில் வழி வைக்கவில்லை. அதாவது, நீ வீட்டுக்குள் வந்தது தப்பு இல்லை. ஆனால் உட்காரச் சொல்ல மாட்டேன். நின்றுகொண்டே இரு. முப்பத்தைந்து வருஷம் நின்றவனுக்கு இது பெரிய ஆறுதல்.

அதற்கு நாலு மாதம் முன்னால், மே மாதம், உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் வந்து நின்றார். ஒரு வழக்கில் தண்டனை அனுபவித்து முடித்தவர். மனைவியும் பிள்ளைகளும் இந்தியாவில். திருப்பி அனுப்பாதீர்கள் என்று கேட்டார். எல்லா நாட்டு அகதிகளையும் ஏற்க இந்தியா ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை என்று அமர்வில் இருந்து பதில் வந்தது. கரிசல்காரனுக்கு இந்தச் சொல் சுருக்கென்று தைக்கும். ராணி மங்கம்மாள் சாலை போட்ட சீமை இது. பிள்ளை வயிற்றோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கன் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்கள் இவை. வறட்சியில் புழுதி பறந்த காலத்திலும் கல்லை நட்டவன், வருகிறவன் தலைச்சுமையைத்தான் பார்த்தான். சாதிச் சான்றிதழையும் பிறந்த நாட்டையும் கேட்டுவிட்டுக் கல்லை உயர்த்தவில்லை. சத்திரம் என்பது வசவுச் சொல்லாக மாறியதை எங்கள் கிழவிகள் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

கலியாணம் செய்த குற்றத்துக்குத் தண்டிக்கிற ராஜ்ஜியம் நம்முடையது மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1979-ல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மாப்பிள்ளையைத் தேடி வந்த இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். நாகரிகத்தை உலகுக்குச் சொல்லிக் கொடுத்த நாடு. இன்று அதே நாட்டில் வெளிநாட்டுத் துணையை அழைத்துவர வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். 2024-ல் இருந்து காதலுக்கு அதுதான் விலை. அதே 2024-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுக் கணவனை உள்ளே அழைத்து வருவது குடிமகளின் அடிப்படை உரிமை ஆகாது என்று சொல்லிவிட்டது. அந்தக் கணவனின் உடம்பில் இருந்த பச்சை குத்திய அடையாளங்களையும் வைத்து விசா மறுத்திருந்தார்கள். உடம்பு, சம்பளச் சீட்டு, பச்சைக் குத்து. ஆனால் ஒன்று: அங்கெல்லாம் 'முடியாது' என்று சொல்லவாவது ஒரு கவுன்டர் திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கே முடியாது என்று எழுதிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

தாப்பாத்திக்குப் பக்கத்தில்தான் எட்டயபுரம். அங்கே பிறந்த ஒருவர் 1908-ல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ஓடினார். பத்து வருஷம் வேற்று ராஜ்ஜியத்தில் குடியிருந்தார். மனைவி செல்லம்மாளும் போய்ச் சேர்ந்தார். 1918-ல் எல்லையைத் தாண்டியதும் கடலூரில் பிடித்தார்கள். இன்றைய கணக்கில் பாரதியும் ஓர் அகதி. டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் வரிசையாக மாலை போடுகிற பெருமக்கள் அதே காரில் கொஞ்ச தூரம் போனால், உயிரோடு இருக்கிற அகதிகளையும் பார்த்துவிட்டு வரலாம். சிலை என்றால் வசதி. அது மனு கொடுக்காது.

நம் பெயின்டரின் வம்சக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் தாத்தா பஞ்ச காலத்தில் இந்தக் கரிசலில் இருந்துதான் கண்டிச் சீமைக்குத் தேயிலை கிள்ளப் போனார். 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு குடியுரிமைச் சட்டம் போட்டு, தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவும் உட்கார்ந்து ஆட்டு மந்தை பிரிப்பதுபோல் பிரித்தார்கள்: 5,25,000 உருப்படி இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்னால் வந்த கலவரங்களில் குடும்பம் மலையை விட்டு வவுனியாப் பக்கம் போனது, தொண்ணூறில் படகு. 2019-ல் இப்படிப்பட்ட 65 பேர் மதுரைக் கிளைக்குப் போய், நாங்கள் இந்திய வம்சம்தானே என்று கேட்க, அவர்கள் மனுவைப் பரிசீலியுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவும் செய்தது. தாத்தாவுக்கு ஒரு சட்டம், அப்பாவுக்கு ஓர் ஒப்பந்தம், பேரனுக்கு ஒரு திருத்தம். மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பத்துக்குக் குறையில்லாமல் கிடைத்தது காகிதம் மட்டும்தான். அதில் ஒன்றுகூட அவர்கள் பேரில் இல்லை.

போன தேர்தலில் ஒரு வேட்பாளர் அந்த வீட்டு வாசலுக்கு வந்து 'தொப்புள்கொடி உறவே' என்று கும்பிட்டார். மூன்று பேர் உள்ள வீடு, ஒரு ஓட்டு. ஒரு ஓட்டுக்கு ஒரு கும்பிடு, கணக்கில் பிசகு இல்லை.

இனி மனு, மகஜர், உண்ணாவிரதம் எல்லாம் வேண்டாம். எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. குடியுரிமைக்கு டெல்லி போக வேண்டும். புவிசார் குறியீட்டுப் பதிவகமோ சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. அந்தக் குறியீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், குடியுரிமைச் சட்டத்தில் அந்த வாக்கியத்தைச் செதுக்கிய அதே 2003-ல்தான். கடலைக்குக் கதவைத் திறந்த வருஷத்தில் கணவனுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஆகவே முகாம் மாப்பிள்ளைகள் எல்லாரும் சங்கம் அமைத்து அங்கே ஒரு விண்ணப்பம் போட்டுவிட வேண்டியது. பொருள்: கரிசல் மாப்பிள்ளை. தயாராகும் இடம்: தூத்துக்குடி மாவட்டம். செய்முறை: முப்பத்தைந்து வருஷம் உப்புத் தண்ணீர் குடித்து, சித்திரை வெயிலில் சாரத்தின்மேல் காய வைத்தது. தனித்தன்மை: எவ்வளவு உதறினாலும் இந்த மண்ணை விட்டுப் போகாது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அதுவும் பெரிய சிரமம் இல்லை, வரிசையில் நின்று பழக்கப்பட்டவர்கள்.

விண்ணப்பத்தில் பூர்வீகம் பற்றிக் கேட்பார்களே என்று அந்தப் பெண் பயப்படலாம். பயம் வேண்டாம் தாயி. கடலையிடம் அதைக் கேட்கவில்லை.